அத்தானின் மூங்கில் தொட்டிகள்

பாளையங்கோட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில், மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஆறு மூங்கில் தொட்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றை வைத்தவர் அத்தான். ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்துவரும் காற்று எங்கள் ஊர் மாடிகளில் ஒரு வேட்டியைக்கூட நிம்மதியாகக் காயவிடாது. அந்தக் காற்றுக்கு ஒரு பசுமையான தட்டி வேண்டும் என்றுதான் அவர் மூங்கிலைத் தேர்ந்தெடுத்தார். முன்பு மூங்கில் காடாக இருந்ததால் வேணுவனம் என்று பெயர் பெற்ற இடம் இது என்பதும், நெல்லையப்பர் கோயிலின் தல மரமே மூங்கில்தான் என்பதும் அவருக்குக் கூடுதல் காரணங்கள். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்ததும் உடை மாற்றாமல் முதலில் மாடிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது அவருடைய வழக்கம்.

அத்தான் காலமான பிறகு அக்கா மாடிக்கு ஏறுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு ஆண்டுகள் அந்தத் தொட்டிகளுக்குக் கிடைத்ததெல்லாம் ஐப்பசி மழையும், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்த நாட்களில் தரையில் ஓடிய நீரும் மட்டுமே. சென்ற பங்குனியில் ஏதோ குழாய் வேலைக்காக நான் மாடிக்குப் போனபோது, சுவரோரம் நின்றது பச்சைத் தட்டியாக இல்லை. வைக்கோல் நிறத்தில் ஒரு படல் நின்றது. காற்று அசைத்தபோது கழைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பிய ஓசை, காய்ந்த கட்டைகளின் ஓசையாக இருந்தது. அக்கா மேல்படியிலேயே நின்றுகொண்டு, "எல்லாம் செத்துப் போச்சுல்லா? ஆளை விட்டுத் தூக்கிப் போட்டுரலாமா தம்பி?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மழைக்காலம் வரை பொறுத்துப் பார்ப்போம் என்றேன்.

வெறும் ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. மூங்கில் மரமன்று, புல். நெல்லுக்கும் கரும்புக்கும் உறவான புல். அருகம்புல் வெயிலில் கருகி மண்ணோடு மண்ணாகிப் பின் முதல் மழைக்குத் துளிர்ப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மூங்கிலின் உயிரும் அதைப் போலவே மண்ணுக்குள் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்களில் மட்டநிலத்தண்டு என்று படித்த அந்தக் கிழங்குதான் செடி; மேலே நாம் பார்க்கும் கழைகள் அது அவ்வப்போது அனுப்பிவைக்கும் கிளைகள் என்று சொன்னால் பெரிய தவறில்லை. ஆகவே மேலே உள்ளது காய்ந்திருப்பதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

அக்காவுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மூங்கில் பூத்தால் செத்துவிடும் என்பார்களே, அப்படி ஏதும் நடந்திருக்குமோ என்று கேட்டாள். காடுகளில் வளரும் முள்மூங்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்து, ஒரே காலத்தில் கூட்டமாகப் பூத்து, அரிசி உதிர்த்துவிட்டு மடிவது உண்மைதான். மிசோரமில் 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூத்து, எலிகள் பெருகி, 1959-இல் பஞ்சமே வந்தது. அப்படிப் பூத்து ஓய்ந்த தூரை மீட்க முடியாது. ஆனால் பூத்திருந்தால் கிளைநுனிகளில் காய்ந்த நெற்கதிர் போன்ற கொத்துகள் எஞ்சியிருக்கும். நான் ஆறு தொட்டிகளிலும் கிளை கிளையாகத் தேடினேன். ஒரு கதிர்கூட இல்லை. இது தாகத்தால் வந்த நோய் என்பது அப்போது உறுதியாயிற்று.

ஆறில் இரண்டு, 200 லிட்டர் நீல நிற டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்த மஞ்சள் மூங்கில். மஞ்சள் கழையில் பச்சைக் கோடுகள் ஓடும் வகை. இன்னும் இரண்டு, விரல் பருமனுள்ள மெல்லிய கழைகளோடு நெருக்கமாக வளரும் வேலி மூங்கில். மீதி இரண்டு சிமெண்ட் தொட்டிகளில் இருந்தவை, நர்சரிகளில் ‘புத்தா பெல்லி’ என்று விற்கப்படும் தொந்தி மூங்கில். அத்தானுக்கு மிகவும் பிடித்தவை இந்த இரண்டும்தான். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் கழை உயிரோடு இருக்கிறது என்று அறிவதில் மஞ்சள் மூங்கில் ஏமாற்றக் கூடியது. நிறமே மஞ்சள் என்பதால் காய்ந்ததும் காயாததும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது பச்சைக் கோட்டை: கோடு பச்சையாக இருந்தால் கழையில் உயிர் இருக்கிறது, பழுப்பேறி மங்கியிருந்தால் இல்லை. பச்சை வகைகளில் நகத்தால் மெல்லக் கீறிப் பார்க்கலாம். அதைவிடவும் நம்பத்தக்க சோதனை மண்ணுக்குள் இருக்கிறது. தூரின் ஓரத்தில் ஒரு கைக்கொத்தால் மண்ணை விலக்கிக் கிழங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கெட்டியாக, வெட்டுப்பட்ட இடத்தில் வெளிர் நிறமாக, பக்கத்தில் ஒரு கண்ணாவது புடைத்துக்கொண்டு இருந்தால் அந்தச் செடி காத்திருக்கிறது என்று பொருள். அழுத்தினால் அமுங்கினாலோ, உள்ளே கூடாக இருந்தாலோ, நம்பிக்கை வைப்பதில் பயனில்லை. வேலி மூங்கில் தொட்டிகளில் ஒன்று அப்படித்தான் இருந்தது. அதன் அடித்துளை அடைபட்டு, மழைநீர் மாதக்கணக்கில் தேங்கிக் கிழங்கு முழுவதும் அழுகிப் பின் காய்ந்திருந்தது. மற்ற ஐந்தும் வறண்டு கிடந்தன, ஆனால் இறக்கவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் அவசரம் கேடு செய்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அக்கறையோடு, "ஒரு கை யூரியாவைப் போட்டுத் தண்ணியை நல்லா விடுங்க, பத்து நாளுல பச்சை புடிச்சிரும்" என்றார். வயலில் நிற்கும் பயிருக்கு அவர் சொன்னது பொருந்தலாம். வற்றிப்போன வேரைச் சுற்றி உர உப்பு கரைந்து நின்றால், வேர் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக வேரில் மிஞ்சியிருக்கும் ஈரத்தையும் அந்த உப்பு வெளியே இழுத்துக்கொள்ளும். இலையே இல்லாத செடிக்கு நாள்தோறும் குடம் குடமாக ஊற்றுவதும் அதே அளவு ஆபத்து. நீரை ஆவியாக்கி வெளியேற்ற இலை இல்லாதபோது அந்த நீர் மண்ணிலேயே தங்கி வேரை அழுகச் செய்யும். இரண்டு ஆண்டுகள் வறட்சியைத் தாங்கிய ஒரு செடி, இரண்டு வார அன்பைத் தாங்காமல் போவதை நான் என் வீட்டிலேயே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியிருந்தது மண்ணை நனைப்பது. கேட்பதற்கு எளிது; செய்யும்போது அவ்வளவு எளிதன்று. முதல் வாளியை ஊற்றியதும் நீர் அரை நிமிடத்தில் அடித்துளை வழியாக வெளியே வந்துவிட்டது. விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே புழுதி. வறண்ட மண்ணும் வேரும் சேர்ந்து ஒரே கட்டியாகச் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருந்தன. நீர் அந்த இடைவெளி வழியாக வழுக்கிக்கொண்டு ஓடியது. இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. பிறகு இடைவெளியில் மண்ணைத் தள்ளி அடைத்து, அடித்துளைகளைத் துணி வைத்துத் தற்காலிகமாக மூடி, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு செம்பு ஊற்றுவதும் காத்திருப்பதும் மீண்டும் ஒரு செம்பு ஊற்றுவதுமாக மூன்று மாலைகள் கழிந்தன. நான்காம் நாள் கம்பி இறங்கியது. துணியை எடுத்துவிட்டு, அதன் பிறகு மேல்மண் காய்ந்தால் மட்டுமே தண்ணீர் என்று வைத்துக்கொண்டேன்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியமாக இருந்தது. தொட்டிகளின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. எஞ்சியிருந்த சில இலைகளின் நுனிகள் தீயில் காட்டியதுபோலக் கருகியிருந்தன. அக்கா வீட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவது ஆழ்துளைக் கிணற்று உப்புநீர். தாமிரபரணித் தண்ணீர் கீழே தனிக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மேல்மண்ணில் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஆற்றுநீரைக் குடத்தில் சுமந்துபோய் ஊற்றத் தொடங்கினேன். நான் ஊருக்குப் போன நாட்களில் அக்கா ஊற்றினாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் மாடிக்கு ஏறியது அப்படித்தான்.

இலை எஞ்சியிருந்த கழைகள் எங்களுக்கு ஒரு நல்ல அளவுகோலாக இருந்தன. நெல்லிலும் சோளத்திலும் வறட்சிக் காலத்தில் இலை நீளவாக்கில் சுருண்டு ஊசியாக நிற்பதை உழவர்கள் நன்றாக அறிவார்கள். மூங்கிலிலும் அதுவே நடக்கிறது. இலையின் மேற்பரப்பில் வரிசையாக இருக்கும் சில பெரிய செல்கள் நீரிழந்து சுருங்கும்போது இலை தன்னைத் தானே மடித்து, வெயிலுக்குக் காட்டும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சுருண்ட இலை இறந்த இலையன்று. மாலையில் நீர் ஊற்றி மறுநாள் காலையில் பார்த்தால் அது விரிந்திருக்கும். விரியாவிட்டால் நீர் வேருக்குப் போய்ச் சேரவில்லை என்று அறியலாம். அக்கா இதைக் கற்றுக்கொண்ட பிறகு விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். இலையைப் பார்த்தே முடிவு செய்கிறாள்.

அடுத்தது வெட்டுவது. இதில் மனம் ஒப்ப வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மரத்தைப் போல மூங்கிலின் கழை ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. முளை மண்ணை விட்டு வெளிவரும்போதே அதன் பருமன் முடிவாகிவிடுகிறது. சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ முழு உயரத்தையும் எட்டிவிடும். அதற்குப் பிறகு அது பருக்கவும் செய்யாது, உயரவும் செய்யாது. நுனியை வெட்டினால் பக்கக் கிளைகள் விடுமே தவிர, வெட்டிய இடத்திலிருந்து தண்டு மீண்டும் எழாது. ஆகவே காய்ந்த கழையை எவ்வளவு பராமரித்தாலும் அது பச்சையாகப் போவதில்லை. அத்தான் நட்டபோது எழுந்த கட்டைவிரல் பருமனுள்ள கழைகள்தான் முதலில் போயிருந்தன. அவற்றை வெட்ட வேண்டும் என்று சொன்னபோது அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, வெட்டிய கழைகளைக் குப்பையில் போடக் கூடாது, அவரைக்கொடிப் பந்தலுக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாள். அப்படியே செய்தோம்.

வெட்டும்போது கவனிக்க வேண்டியது வெட்டும் இடம். கணுவுக்கு வெகு மேலே வெட்டினால் எஞ்சும் துண்டு ஒரு குவளையாகி மழைநீரைப் பிடித்து வைக்கும்; அதில் கொசு முட்டையிடும். டெங்குக் கொசுவுக்கு ஒரு மூடியளவு நீர் போதும். எனவே தரையை ஒட்டிய கணுவுக்கு மேலாகவே, இரும்பு அறுக்கும் ரம்பத்தால் சரியாக அறுத்தேன். அரிவாள் வீச்சு கழையைப் பிளந்துவிடும். முழுக்கைச் சட்டையும் அவசியம். மஞ்சள் மூங்கிலின் கழையைப் போர்த்திய உறைகளில் இருக்கும் கரும்பழுப்புச் சுனை, அதாவது நுண்முடி, தோலில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும். அந்த உறைகளை உரித்தபோதுதான் எறும்புகள் ஏன் கழைகளில் ஏறி இறங்குகின்றன என்பதும் தெரிந்தது: உள்ளே மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தது. ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒருமுறை மூன்று வாரங்கள் தெளித்தோம். உறையை உரிக்காமல் தெளித்தால் மருந்து பூச்சியைத் தொடாது.

சித்திரை வெயிலுக்குப் பாதி நிழல் தரும் பச்சை வலையைக் கட்டினோம். சித்திரை முடிவதற்குள் நான்கு தொட்டிகளின் கணுக்களில் ஊசி போன்ற இலைக்குருத்துகள் எட்டிப் பார்த்தன. ஐந்தாவது, சிமெண்ட் தொட்டிகளில் ஒன்று, வைகாசி பாதி வரை அசையவில்லை. ஒருநாள் காலையில் அக்கா தொலைபேசியில் அழைத்து, "தம்பி, அவரு சின்னத் தொட்டியிலயும் வந்திருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் இலை வந்ததோடு வேலை முடியவில்லை. தொட்டி மூங்கில் நலிவதற்குத் தண்ணீர்ப் பஞ்சம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இடப் பஞ்சம். நம் நாட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படும் மூங்கில்களில் பெரும்பாலானவை தூராக வளர்பவை. அவற்றின் கிழங்கு குட்டையாக, தடித்து, வளைந்து, மேல்நோக்கித் திரும்பிக் கழையாகும். அதன் பக்கத்துக் கண்ணிலிருந்து அடுத்த கிழங்கு வெளிப்புறமாகக் கிளம்பும். இப்படி ஒவ்வோர் ஆண்டும் தூர் வெளியே விரிந்துகொண்டு போக, வயதான கழைகள் நடுவில் தங்கும். நிலத்தில் இதனால் குறையில்லை. தொட்டியில் வெளிப்புறம் என்பது சுவர். நடுவிடத்தைச் செத்த கட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கும். உயிருள்ள கண்கள் எல்லாம் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆண்டுக்காண்டு முளைகள் மெலிந்துகொண்டே வருவதற்குக் காரணம் இதுதான்.

தூரைப் பிரிக்க ஆடிக் காற்று அடங்கும் வரை காத்திருந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசியில் நாள் குறித்தோம். தெரிந்த கட்டட வேலைக்காரர் ஒருவர் கடப்பாரையோடு உதவிக்கு வந்தார். டிரம்மைச் சாய்த்து உருட்டிப் பார்த்தோம், கட்டி அசையவில்லை. கடைசியில் டிரம்மையே அறுத்துத்தான் எடுத்தோம். கட்டியைச் சுற்றி ஏறத்தாழ இரண்டு அங்குலக் கனத்துக்கு வேர் பாய் முடைந்ததுபோலச் சுற்றியிருந்தது. மண் என்று சொல்ல உள்ளே அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சுற்றுவேரை ரம்பத்தால் சீவி எடுத்து, நடுவில் இருந்த செத்த கட்டைகளைக் கடப்பாரையால் நெம்பி அகற்றி, ஒவ்வொரு தூரையும் இரண்டு மூன்று பங்காகப் பிரித்தோம். ஒரு பங்கில் மூன்று நான்கு கழையும், கிழங்கில் உயிருள்ள கண்ணும் இருக்க வேண்டும். ஒற்றைக் கழையாகப் பிரித்தால் பிழைப்பது அரிது. பிரித்த பங்குகளை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருந்து அன்றைக்கே நட்டோம். மூங்கில் வேர் காற்றில் காய்வதைச் சற்றும் பொறுக்காது. வேரை இழந்ததற்கு ஈடாகக் கழைகளின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தோம்.

மண்கலவைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவு, அரைப் பங்கு உமி, தொட்டிக்கு இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. உமியை நான் வலியுறுத்திச் சேர்ப்பேன். புல்லினம் முழுவதும் தண்டிலும் இலையிலும் குறிப்பிடத்தக்க அளவுக்கு மணலின் சாரமான சிலிக்காவைச் சேர்த்துவைத்து விறைப்புப் பெறுகிறது. உமியில் அது நிறைய உண்டு. அதே காரணத்தால்தான் உதிர்ந்த மூங்கில் இலைகளைக் கூட்டி அள்ளாமல் தொட்டியிலேயே மூடாக்காகப் போட்டுவிட வேண்டும் என்கிறேன். தொட்டியை வைக்கும் இடத்தையும் அன்று மாற்றினோம். 100 லிட்டர் கொள்ளும் தொட்டி, ஈரமண்ணோடு 150 கிலோவைத் தாண்டும். அத்தகைய ஐந்தாறு தொட்டிகளைக் கூரையின் நடுவில் வைப்பது தளத்துக்கு நல்லதன்று. கீழே சுவரோ உத்தரமோ ஓடும் கோட்டின் மேல்தான் வைக்க வேண்டும். அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினால் நீர் தேங்காது, அழுகிப்போன அந்த வேலி மூங்கிலுக்கு நேர்ந்தது மற்றவற்றுக்கு நேராது.

ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகை பிறந்தபோது மஞ்சள் மூங்கிலின் தூரோரத்தில் முதல் முளை கிளம்பியது. கூம்பு வடிவில், சுனை மூடிய உறைகளை அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு அது மண்ணைப் பிளந்து வந்த அழகைச் சொல்லால் காட்டுவது கடினம். அக்கா சுவரில் பென்சிலால் கோடு போட்டு அதன் உயரத்தைக் குறிக்கத் தொடங்கினாள். காலையும் மாலையும் போட்ட கோடுகளுக்கு இடையிலேயே வேறுபாடு தெரிந்தது. பருமன் மட்டும் சுண்டுவிரலைத் தாண்டவில்லை. கிழங்கில் சேமித்த உணவு எவ்வளவோ அவ்வளவுதான் முளைக்குக் கிடைக்கும். வறண்டு கிடந்த இரண்டு ஆண்டுகளில் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டது. இந்த ஆண்டு இலைகள் சமைக்கும் உணவைக் கொண்டு அடுத்த மழைக்கு வரும் முளை இதைவிடத் தடித்ததாக இருக்கும். கட்டைவிரல் பருமனைத் திரும்பப் பார்க்க மூன்று மழைக்காலமாவது ஆகும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தத் தொந்தி மூங்கிலுக்கு வருகிறேன். தென்சீனத்திலிருந்து உலகெங்கும் தோட்டங்களுக்குப் பரவிய இந்த வகையில், கணுவிடைகள் குறுகி, அடியில் பருத்துச் சிறிய சொம்புகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல இருக்கும். ஆனால் அது அதன் இயல்பான வடிவம் அன்று. நிலத்தில் நட்டு வேண்டிய நீர் கொடுத்தால் மற்ற மூங்கில்களைப் போலவே நேராக உயர்ந்து வளரும். சிறிய தொட்டியில், குறைந்த நீரில், குறைந்த ஊட்டத்தில் வளரும்போதுதான் கணுவிடைகள் நீளமுடியாமல் புடைக்கின்றன. அத்தான் விரும்பி ரசித்த வடிவம், செடி பட்ட நெருக்கடியின் வடிவம். அவர் அதை அறிந்தே, அந்த இரண்டு தொட்டிகளுக்கு மட்டும் அளந்து நீர் ஊற்றிவந்தார் என்பதை அக்கா இப்போதுதான் என்னிடம் சொன்னாள். அவர் ஒரு சிறிய கெட்டிலில் ஊற்றியது ஏன் என்று அவளுக்கும் அன்று விளங்கவில்லையாம்.

நானோ புரட்டாசியில் அவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றிப் புதுமண்ணும் நிறைய நீரும் கொடுத்திருந்தேன். மார்கழியில் வந்த முளைகள் இரண்டும் வழவழவென்று நேராக நிமிர்ந்தன. ஒரு கணுவிலும் தொந்தி இல்லை. ஒருமுறை நீண்ட கணுவிடை பின்னால் புடைக்காது. எனவே இந்த இரண்டு கழைகளும் இப்படியேதான் இருக்கும். அக்கா அவற்றைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "அவரு வச்சது மாதிரி இல்லையே" என்றாள். அந்தச் சொல் எனக்கு வருத்தமாக இருந்தது. செடி நலமாக இருக்கிறது என்பதையும், பழைய வடிவம் எதனால் வந்தது என்பதையும் மீண்டும் ஒருமுறை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

இப்போது தை. ஒரு தொட்டியைப் பெரியதாகவே விட்டுவிடுவது, மற்றொன்றிலிருந்து ஒரு பங்கை மட்டும் அடுத்த புரட்டாசியில் பிரித்துப் பழைய சிமெண்ட் தொட்டியில் வைப்பது, வேர் பிடித்துப் புதிய முளை எழும் வேளையில் நீரை மெல்லக் குறைப்பது என்று அக்கா முடிவு செய்திருக்கிறாள். எவ்வளவு குறைப்பது என்பதற்கு அத்தானின் அளவு அவளுக்கு நினைவிருக்கிறது: வாரத்துக்கு இரண்டு கெட்டில், மழை பெய்தால் அதுவும் இல்லை. கெட்டிலைத் தேடி எடுத்துத் துலக்கி, மாடிப்படி ஓரத்தில் வைத்திருக்கிறாள்.